அப்பாவின் அப்பா ஊர்

என் அப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட இடது கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் நம் தட்டிலும் ரசம் தளும்பும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வடக்கே ரவாங் வண்டி போகிற சத்தம் கேட்டால் போதும், எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவரைப் பெற்றவர் அந்தப் பக்கம் போனவர்தான், திரும்பவே இல்லை.

பெற்றவர் ஓர் ஐரிஷ்காரர். கிள்ளானில் தண்டவாளம் போட வந்த துரை. அவருக்குக் கீழே கங்காணி எங்கள் தாத்தா. தாத்தாவின் தங்கையோடு துரை குடும்பம் நடத்தினார். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது ரவாங் பக்கம் பாதை போடப் போனார், அப்படியே போய்விட்டார். அப்பாவைப் பெற்றுப் போட்டுவிட்டு அவளும் கண்ணை மூடிவிட்டாள். தாத்தாதான் தூக்கி வளர்த்தார், பிறகு தன் மகளையே கட்டிக்கொடுத்தார். மாமன் மகளைக் கட்டுவது நம் சனங்களுக்குப் புதிதா என்ன? அப்படிப் பிறந்தவள் நான், அப்பாவின் பூனைக்கண்ணோடு.

அந்தக் கண்தான் வினையானது. எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். கான்வென்டில் ஓர் ஐரிஷ் சிஸ்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர்கள் நாட்டில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் சர்க்கார் பதிவில் இருக்கிறதாம், எழுதிக் கேட்டால் தேடித் தருவார்களாம். ஆனால் வெறும் பெயரை வைத்துத் தேடினால் ஒரே ஜில்லாவில் அதே பெயரில் வண்டி வண்டியாக ஆள் வருவார்கள். ஜில்லா, அதற்குள் பாரிஷ், அதற்குள் டவுன்லேண்ட் என்று நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்; அந்தக் கடைசித் துண்டின் பெயர் தெரிந்தால்தான் ஆள் கிடைப்பார். பெயரில்தான் டவுன், உள்ளே போனால் நாலு வீடும் ஒரு சேற்றுநிலமும்தான் என்று சிஸ்டரே சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாத்தாவைக் கேட்டார்.

"எனக்கு என்னா தெரியும்? தொரை எங்கிட்டயா ஊர்க்கத பேசுவாரு?" என்று தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அப்பா ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அம்மா கரண்டியைப் போட்ட போட்டில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எட்டிப் பார்த்தது. "அந்த ஊரு பேரு மட்டும் கெடைக்கட்டும், இவரு அடுத்த கப்பல்ல ஏறிடுவாரு. அப்புறம் நாமதான் வாசல்ல நின்னு வண்டி பாக்கணும்" என்றாள் என்னிடம். அவளுக்கு அந்தப் பயம். எனக்கோ கப்பல் ஆசை! வகுப்பில் எல்லோரிடமும் நாங்கள் அயர்லாந்து போகப்போகிறோம் என்று ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன்.

அப்பாவின் பிறப்புப் பதிவு கிள்ளானில் இருந்தது. அதில் தகப்பன் ஊர் எழுதியிருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. கூட்டாளியைப் பார்க்கப் போவதாகத் தாத்தாவிடம் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார். வந்ததே வந்தோம் என்று, தன் மனைவி என்று சொல்லி அம்மாவின் பதிவையும் சேர்த்துக் கேட்டார். ஆபீஸில் ஏடு எழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் தகப்பன் ஒரே ஆள் எண்டெல்லோ கிடக்கு. நீர் உம்மட தங்கச்சியையே முடிச்சிருக்கிறீர்?"

விஷயம் இதுதான். பிள்ளை பிறந்ததும் பதிவு செய்யப் போனவர் தாத்தா. தகப்பன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்துகிறோம்? பேரையும் நானே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று தன் பேரைச் சொல்லிவிட்டார். பின்னாளில் மருமகனாக ஆக்கிக்கொள்ளும்போது சர்க்கார் ஏட்டை யார் நினைத்தார்கள்! துரையின் பேர் அதில் எங்கேயுமே இல்லை. திருத்த வேண்டுமானால், சொன்னவரே நேரில் வந்து, சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் கிராணி.

தாத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அப்பா நாள்கணக்கில் நடந்தார். கடைசியில் சொன்னபோது தாத்தா கோபப்படவில்லை. "வரேன், அதுக்கென்னா" என்றார். அம்மாதான் அழுதாள். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைத் தாத்தா எடுத்துத் தரச் சொன்னார். அதன் கையை இஸ்திரி போடும்போது அம்மா கருக்கிவிட்டாள். தெரிந்துதான் செய்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தாத்தா அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கிராணி பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார். "இவர் உம்மட மகன் இல்லை. அப்பிடித்தானே? நீரே வாயால சொல்லும்."

தாத்தா வாயைத் திறந்தார். ரயிலில் வரும்போதெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவர்தான். கருகின கோட்டுக் கையைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றார், சத்தம் வரவில்லை. பின்னால் ஆட்கள் நெட்டினார்கள். எனக்கு ஒரே எரிச்சல். சொல்லித் தொலையுங்களேன் தாத்தா, கப்பல் போய்விடும்!

"விடுங்க சார்" என்றார் அப்பா. "எழுதியிருக்கிறது சரிதான். இவருதான் எங்கப்பா."

"அப்ப உம்மட மனிசி?"

"அது எங்க வீட்டு வழக்கு. நாங்க பாத்துக்கிறோம்."

அதுவரைக்கும் தாத்தாவை மாமா என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். வெளியே வந்ததும் பழையபடி, "மாமா, வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

திரும்பும் வண்டியில் எனக்கு வாய் நிறையக் கச்சாங், மனசு நிறைய ஆத்திரம். வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தால் ஆச்சா? திங்கட்கிழமை வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பேன்? எதிரே உட்கார்ந்திருந்த தாத்தா ரொம்ப நேரம் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அப்பாவைப் பார்க்காமலே சொன்னார். துரை சாயங்காலம் குடித்துவிட்டால் தன் ஊர்ப் பேச்சுத்தான் பேசுவாராம். இன்ன ஜில்லா, இன்ன பாரிஷ், ஒரு மேடு, நாலு வீடு. அந்த மேட்டின் பேரையும் சொன்னார். இத்தனை நாளாகத் தெரியாது என்று சாதித்த மனிதர், அப்பா அதைக் காதில் வாங்கினாரா என்று உறுதி செய்துகொள்பவர் போல, இன்னொரு முறையும் சொன்னார்.

"சரி மாமா" என்றார் அப்பா. எழுதிக்கொள்ளவில்லை. அவருடைய இடது கால் ஆடாமல் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம், வண்டி நின்றுவிட்டதோ என்று வெளியே எட்டிப் பார்த்தேன்.

அப்பா கப்பலேறவில்லை, சிஸ்டருக்கும் ஒரு வரி எழுதவில்லை. தாத்தா போனபோது கொள்ளி வைத்தவர் அவர்தான். இப்போது அப்பாவும் இல்லை. என் மகள் அதே கண்ணோடு வந்து உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே கேட்கிறாள். அந்தக் கடைசிப் பேர் மட்டும் சொல்லும்மா, மிச்சத்தை நான் தேடிக்கொள்கிறேன் என்கிறாள். அன்று அந்த ரயில் பெட்டியில் இருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். அந்தப் பேர் இரண்டு தடவை என் காதில் விழுந்தது. நான் கச்சாங் தோலை ஊதிக்கொண்டிருந்தேன்.