மருதமுத்து அண்ணனின் மோரிஸ் மைனரும் ஓர் இரும்புக் கைப்பிடியும்

கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஈப்போவின் சிலிபின் பகுதியிலிருந்து மருதமுத்து அண்ணனின் மகள் தேவிகா அழைத்தாள். "அங்கிள், அப்பா காலையில போயிட்டாரு. காடிய உங்ககிட்ட கொடுக்கச் சொல்லிட்டுப் போனாரு." மருதமுத்து அண்ணனை அறிந்தவர்கள் அந்தக் கறுப்பு மோரிஸ் மைனர் காரையும் அறிவீர்கள். அது எப்படி அவர் கைக்கு வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்லி மாலை போட எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் அது பிடிக்காது.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கியவர் என் அப்பா. தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, கணக்குப் பார்க்கும் தலைமைக் குமாஸ்தா. அண்ணன் பால்வெட்டுத் தொழிலாளி. தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் அண்ணன் காருக்கு முன்னால் வந்து நின்றார். "எங்க மேல ஏத்திட்டுப் போங்க கிராணி." என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை டிரைவர் கையிலிருந்து பிடுங்கி, அப்பா அண்ணனின் தாடையில் அடித்தார். மூன்று பற்கள் செம்மண்ணில் விழுந்தன. கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. பின் இருக்கையில் இருந்த எனக்கு ஏழு வயது. அன்று அப்பாவை நினைத்துப் பெருமைப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

தோட்டம் கைமாறி, டிரைவரும் போய்விட்ட பிறகு, அப்பா விற்க நினைத்த காரை வாங்க வந்தவர் அண்ணன். அப்போது ஈப்போவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. "அந்த ஹேண்டில நீங்களே போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கொடுங்க, கிராணி." அப்பா ஒருநாளும் தன் கையால் அதைச் சுழற்றியவர் இல்லை. முஷ்டியாக இறுக்கிப் பிடித்துச் சுழற்றினார். என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. அண்ணன் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அப்பாவைத் தூக்கி முன் இருக்கையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். புது உரிமையாளரின் முதல் பயணம் அது.

அந்தக் கை அதன்பின் நேராகவே இல்லை. சாகும்வரை அப்பா இடக்கையில் கரண்டியால்தான் சாப்பிட்டார். அவர் காரியம் முடிந்த வாரம் ஒரு மெக்கானிக் சொன்னார்: ஹேண்டிலில் கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, என்ஜின் உதைத்தால் கை முறியும், பழைய டிரைவர் எல்லாருக்கும் இது தெரியும். நேரே சிலிபினுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லல தம்பி. எம் பல்லு விடல."

காரில் கிடந்த ஹேண்டிலை எடுத்து அவர் தலையைப் பார்த்து வீசினேன். அவர் விலகினார், மட்கார்டு நசுங்கியது. இரண்டாவது வீச்சைக் கையால் பிடித்து, என் கழுத்தை பானட்டோடு சேர்த்து அழுத்தினார். கண் இருட்டியது. இருவரும் அழுதோம் என்று எழுதினால் பொய். இருவருக்கும் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பிறகு ஹேண்டிலை என்ஜினில் மாட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்தார். "கட்டை விரல மத்த விரலோட சேத்து வை. சுத்திப் புடிக்காத லா. இரும்புக்கு ஆள் தெரியாது."

அந்த நசுங்கலைக் கடைசிவரை அவர் தட்டி நிமிர்த்த விடவில்லை. கேட்டவர்களிடம், "அது கிராணி மவன் போட்ட கையெழுத்து" என்பார். நீங்களும் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

கருமாதி முடிந்து தேவிகா காரின் பத்திரத்தை நீட்டினாள். அதில் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருந்தன: துரை, அப்பா, அண்ணன். நீயே வைத்துக்கொள் என்றேன். பாட்டரி செத்திருந்தது. "நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்" என்று ஹேண்டிலை மாட்டினாள். அண்ணன் அவளை அதைத் தொடவிட்டதே இல்லை. என் அப்பாவைப் போலவே முஷ்டியாகப் பிடித்தாள். ஒரு கணம் என் வாய் திறக்கவில்லை. அந்தக் கணத்தில் அண்ணன் எப்படி நின்றிருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

"கட்டை விரல எடு!" என்று கத்தினேன்.

எடுத்தாள். என்ஜின் உதைத்தது. ஹேண்டில் அவள் கையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்தது, கை பிழைத்தது.

பத்திரத்தில் நான்காவது பெயர் தேவிகாவுடையது. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, என் அப்பாவிடம் அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான்.