நெயில் பாலிஷ் பூசின ஒயர்

ஸ்பீக்கரை யார் வேணா மாட்டிடலாம். மாட்டினது சரியான்னு பாக்கறதுலதான் தொழிலே கீது.

அடுத்தவங்க ஊட்டுக்குள்ள ஸ்க்ரூட்ரைவரோட நுழையிற பிளம்பர், ஏசி மெக்கானிக், கேபிள்காரங்களே, என் பேஜாரு உங்களுக்குத்தான் புரியும். பொன்னேரியில ஒரு ஆடியோ கடையில பில் போட்டுக்கினு இருந்தவ நான். ஃபிட்டிங்குக்கு ஆள் கெடைக்காம முதலாளி பஷீர் பாய் என்னை வெளியில அனுப்பினாரு. கவுண்டர்னா எனக்கு மூச்சு முட்டும். டூல் பையை மாட்டிக்கினு ஸ்கூட்டர்ல கிளம்பினாதான் உசிரே வரும். அது தெரிஞ்சுதான் அவரு முதல் நாளே சொன்னாரு: "ஸ்டெல்லாம்மா, ஒரே ஒரு ஊட்லேர்ந்து கம்ப்ளெயிண்ட் வந்தாலும் மறுபடி கவுண்டர்தான்."

டம்ளர் ஆடின ஊடு

அத்திப்பட்டுல ஒருத்தர் எங்க கடையில ஸ்பீக்கர் வாங்கி, தானே மாட்டிக்கினாரு. "தும் தும்னு வர்ற அடிச் சத்தமே இல்ல, டூப்ளிகேட் பெட்டியைக் குடுத்துட்டீங்க"ன்னு என்னை வாசல்லயே புடிச்சிக்கினாரு. ரெண்டு பெட்டிக்கும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி மாட்டினா, உள்ள காத்தைத் தள்ளுற ரெண்டு கூம்பும் சேர்ந்தே முன்னால வரும், சேர்ந்தே பின்னால போகும். ஒண்ணு மட்டும் மாறிப்போச்சுன்னா, இது தள்ளுற காத்தை அது இழுத்துக்கும். அப்புறம் அடிச் சத்தம் எங்கேர்ந்து வரும்?

வாயால சொன்னா யார் நம்பறாங்க? ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து ஒயரைக் கழட்டி, கடிகாரத்துக்குப் போடற செல்லை ரெண்டு பெட்டி ஒயர்லயும் ஒரே மாதிரி லேசா தொட்டுக் காமிச்சேன். ஒரு கூம்பு வெளிய குதிச்சுது, இன்னொண்ணு உள்ள போச்சு. மனுஷன் கண்ணு அதுலயே நின்னுடுச்சு. ஒரு பெட்டியோட ஒயரை மட்டும் மாத்திப் போட்டுப் பாட்டு வெச்சேன். உள்ளேர்ந்து அவரு சம்சாரம் கரண்டியோட ஓடி வந்தாங்க: "ஏங்க, அலமாரியில டம்ளரெல்லாம் ஆடுது, இந்தம்மா இன்னா பண்ணுச்சு?"

மோட்டார்காரர் ஊடு

கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனியில மோட்டார் பாக்கற அண்ணன் ஊட்லயும் இதே கதைதான். "மோட்டார்ல ஒயரை மாத்தினா திருப்பிச் சுத்தும். இது வெறும் சத்தம்தானே, எப்படி மாட்டினா இன்னாம்மா?"ன்னாரு. பாட்டை வெச்சு, "பாடறவரு எங்க நிக்கிறாரு, சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டேன். அவரு சுத்திச் சுத்திப் பாத்தாரு, புடிபடல. ஒயரை மாத்தினேன். கட்டில்ல கண்ணை மூடிக்கினு படுத்திருந்த அவரு நைனா எழுந்து உக்காந்துட்டாரு. "டேய், இப்போதான்டா அந்தாளு ஊட்டுக்கு நடுவுல வந்து நிக்கிறான்!"

எனக்கு இன்னா பெருமை தெரியுமா! மறுபடி மாறக்கூடாதுன்னு, பிளஸ் ஒயரோட ரெண்டு நுனியிலயும் செவப்பு நெயில் பாலிஷ் தொட்டு வெச்சேன். எல்லா ஊட்லயும் அது என் பழக்கம். அண்ணன் சிரிச்சாரு: "ஏம்மா, கைக்குப் போடறதை ஒயருக்குப் போடறியே!"

கம்ப்ளெயிண்ட் வந்தே வந்துச்சு

பழவேற்காட்டுல ஒரு வியாபாரி ஊட்ல ரம்ஜானுக்கு முன்னாடி மாட்டிட்டு வந்தேன். பண்டிகை முடிஞ்சதும் பஷீர் பாய் கூப்பிட்டாரு. "கம்ப்ளெயிண்ட் வந்துடுச்சும்மா. பேச்சு பேச்சுதான். கவுண்டர்ல உக்காரு." எனக்கு அழுகை வந்துச்சு, அதுக்கு மேல கோவம் வந்துச்சு. "செக் பண்ணாம நான் எந்த ஊட்டுப் படியும் எறங்கினதில்ல பாய். போய்ப் பாத்துட்டு வரேன், அப்புறம் உக்கார வெய்யுங்க"ன்னு ஸ்கூட்டரை எடுத்துட்டேன்.

அந்த ஊட்டுப் பெரியவரு மரியாதையாத்தான் சொன்னாரு: "மாட்டின அன்னிக்கு அருமையா இருந்துச்சும்மா. இப்போ குழாய்க்குள்ளேர்ந்து பேசற மாதிரி கீது." பெட்டிப் பக்கம் பாத்தேன், நெயில் பாலிஷ் ஒயர் செவப்பு ஓட்டையில, அதாவது பிளஸ்லதான் இருந்துச்சு. ஆம்ப்ளிஃபயரைத் திருப்பினேன். அங்க வலது பக்கத்து நெயில் பாலிஷ் ஒயர் கறுப்பு ஓட்டையில! "இதைக் கழட்டி மாட்டினது யாருங்க?"ன்னேன். மருமகப் பொண்ணுதான் மெதுவா சொல்லுச்சு: "மாமா, பெயிண்ட் அடிக்க எல்லாத்தையும் நகர்த்தினப்போ நாமதானே கழட்டிச் சொருவினோம்?"

மாத்திப் போட்டேன். குழாயும் இல்ல, கிணறும் இல்ல. குரல் நடுவுல வந்து கணீர்னு நின்னுது. பெரியவரு அப்பவே கடைக்கு போன் போட்டாரு: "தப்பு எங்க ஊட்டுது பாய், அந்தப் பொண்ணு வேலை சுத்தம்." மனசுல இருந்த பாரம் எறங்கி நான் கடைக்குத் திரும்பினா, கவுண்டர்ல பஷீர் பாயே உக்காந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கினு பில் தட்டிக்கினு கீறாரு. நிமிராமயே சொன்னாரு: "அந்தத் தெருவுல இன்னும் ரெண்டு ஊட்ல உன்னைத்தான் கேக்கறாங்க. கவுண்டரை நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு."

என் கைக்கு ஒரு நாளும் நான் நெயில் பாலிஷ் போட்டதில்லீங்க, ஆனா இந்தப் பக்கத்துல எத்தினியோ ஊட்டு ஒயரெல்லாம் என் தயவுல கல்யாணப் பொண்ணு மாதிரி கீது.