நியூயார்க்கில் வைத்த கொலை

என் பெரியம்மா மகளை நாமக்கல் பக்கத்தில் ஊர் நிலமெல்லாம் கையில் வைத்திருந்த ஒரு மிட்டாதாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான மறுவருஷம் அவள் தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதந்தாள். தண்ணீர் சேந்தப் போனவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். அந்த வீட்டில் தண்ணீர் சேந்தத் தனியாக ஆட்கள் உண்டு. அவளோ எங்கள் ஊர்க் கிணற்றில் தலைகீழாகக் குதித்து நீந்தியவள். விசாரிக்க வந்த போலீஸார் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா வாய் திறக்கவில்லை. பெரியம்மா வீட்டு வயலுக்கு மிட்டாதார் வாய்க்காலிலிருந்துதான் தண்ணீர் வரவேண்டும்.

நான் இதைக் கதையாக எழுதுவதென்று முடிவு செய்தேன். உள்ளூரில் வைத்து எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது. சேலத்துக் கல்லூரியில் படித்த என் தம்பி பழைய அமெரிக்கப் படப் பத்திரிகைகள் சில கொண்டுவந்திருந்தான். மாளிகைகள், குதிரை வண்டிகள், முழங்கைவரை கையுறை போட்ட சீமாட்டிகள். அவற்றைப் பார்த்துப் பார்த்து எங்கள் பாட்டன் காலத்து நியூயார்க்கை உண்டாக்கினேன். கிணறு ஏரியாயிற்று. மிட்டாதார் ரயில் கம்பெனி முதலாளியானார். செத்துப்போன சீமாட்டியின் தோழி துப்புத் துலக்கினாள். விருந்து மேசையில் யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரியாமல் ஓர் அத்தியாயத்தைப் பலமுறை கிழித்தெறிந்தேன். ஆனாலும் விடவில்லை.

சேலத்து மாதப் பத்திரிகை ஒன்று அதைத் தொடராகப் போட்டது. கதை பாதியில் இருக்கும்போது மிட்டாதாரின் காரியக்காரர் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கதைய நிறுத்திப்போடோணும்னு பெரியூட்டுல சொல்றாங்க."

"அது அமெரிக்காவுல நடக்கறதுங்க. பெரியூட்டுக்கும் அதுக்கும் என்னங்க?"

பதில் சொன்னால் கொலையை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் எழுந்து போனார். என் கணவருக்குப் பயம்தான். ஆனாலும் அடுத்த அத்தியாயத்தை அவரே பஸ் ஏறிச் சேலத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

கொன்றவன் கணவன்தான் என்று கதையில் தெரிந்த பிறகு, ராசிபுரத்துக்காரர் ஒருவர் வந்தார். தன் மகளை மிட்டாதாருக்கு இரண்டாம் தாரமாக நிச்சயம் செய்திருந்தவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அது கதைதானுங்களா?"

"ஊரு மட்டுந்தானுங்க கதை."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அந்த நிச்சயம் முறிந்தது. பெண்ணை ஆத்தூரில் ஓர் அரிசி மில்காரருக்குக் கொடுத்தார்கள்.

மிட்டாதார் மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவருக்குப் பெண் கொடுக்க அதன்பின் யாரும் முன்வரவில்லை.

பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒருநாள் தானாகவே வந்து, முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அழாமல் கேட்டார்.