யூஜினாவின் கிடங்கு

பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் மெயின்பிரேமை இரண்டு பேர் பராமரித்தார்கள். மூத்தவள் கொட்டாஞ்சேனை யூஜினா. மற்றவள் நிஹ்லா, அவளைவிடப் பத்து வயது இளையவள்.

கம்பனியின் எல்லாப் பொலிசிகளும் அந்தப் பெருங்கணினியில்தான் இருந்தன. அதைச் செய்த நிறுவனம் பிழைதிருத்தங்களைப் பொதி பொதியாக அனுப்பும். வருகிற பொதியை முதலில் டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய கிடங்கில் சேர்க்க வேண்டும். பிறகு கணினியில் ஏற்றிப் பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் கழற்றிவிடலாம். ஒத்துவந்தால் ‘நிரந்தரம்’ என்று கட்டளை கொடுத்துவிட்டுக் கிடங்கிலிருந்து அழித்துவிடலாம். அதற்குப் பிறகு கழற்ற வழியில்லை.

யூஜினா அந்தக் கட்டளையைக் கொடுப்பதையே விட்டிருந்தாள். சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, புதிதாக ஏற்றிய பொதி ஒன்று நட்டஈட்டுக் கொடுப்பனவுகளை நிறுத்திவிட்டது. கீழே கவுண்டரில் சனம் நெருக்கியடித்தது. நிரந்தரமாக்காமல் விட்டிருந்ததால் பகலுக்குள் கழற்ற முடிந்தது. அன்றிலிருந்து அவள் எதையும் அழிக்கத் துணியவில்லை. எல்லாப் பொதிகளும் கிடங்கிலேயே கிடந்தன.

போன ஆனியில், உடனே போட்டாக வேண்டிய பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தது. கிடங்கு அதை ஏற்க மறுத்தது, இடமில்லை. புதிய டிஸ்க் கேட்டால் வர மாதங்கள் ஆகும்.

“அக்கா, இனி துப்பரவாக்கத்தான் வேணும்,” என்றாள் நிஹ்லா. “இதுல பாதி எப்பவோ செட்டில் ஆன சாமான்.”

“பிறகு ஏதும் நடந்தா எதை வச்சுத் திருப்புறது?”

“மூணு வருஷமா ஒழுங்கா ஓடுறதை ஏன் அக்கா திருப்பணும்?”

அன்று வீட்டில் சோறு போடும்போது யூஜினா இதைக் கணவன் ஹியூபேட்டிடம் சொன்னாள். துறைமுகத்தில் வேலை செய்யும் அவர், “எங்கட யார்ட்டிலயும் அப்படித்தான். பழைய கொன்டெய்னர் போகாட்டி புதுக் கப்பலுக்கு இடமில்லை,” என்றுவிட்டு மீன் குழம்பைக் கேட்டார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே அலுவலகம் போய்விட்டாள்.

அன்று சனிக்கிழமை, மாடியில் அவளையும் நிஹ்லாவையும் தவிர ஆளில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நீண்ட நாளாகப் பிரச்சினையில்லாமல் ஓடியவற்றை யூஜினா ஒவ்வொன்றாக நிரந்தரமாக்கி அழித்தாள். ஏற்றாமலே கிடந்து, புதியவை வந்ததால் தேவையற்றுப் போனவற்றை நிஹ்லா அழித்தாள். முதல் பொதிக்குக் கட்டளை கொடுக்கும்போது யூஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். நிஹ்லா அதைக் கண்டும் காணாதவள் போல இருந்தாள். பத்தாவது பொதிக்குப் பிறகு சிலுவை போடும் நினைவே யூஜினாவுக்கு வரவில்லை.

இடம் கிடைத்தது. பாதுகாப்புத் திருத்தம் கிடங்குக்குள் வந்தது. ஏற்றும் முன் சோதித்துப் பார்த்தால், ‘இதற்கு முன் போக வேண்டிய பொதியைக் காணவில்லை’ என்றது கணினி. நிஹ்லா திரைக்குக் கிட்டப் போய் இலக்கத்தைப் பார்த்தாள்.

“அல்லாஹ்! அது நான் அழிச்சது அக்கா. தேவையில்லாததோட சேர்ந்து போயிட்டு.”

யூஜினா இத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். ஆனால் கணினி நிற்கவில்லை, யாரும் காத்திருக்கவும் இல்லை. திரையில் அந்தப் பொதியின் இலக்கம் மட்டும் தெரிந்தது.

“பயப்படாத பிள்ளை. அனுப்பினவன்ட்ட இருக்கும்தானே. திரும்பக் கேப்பம்.”

கணினியைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டாள். இருவரும் கீழே போய்ப் பிளேன்டீ குடித்துவிட்டு வருவதற்குள் பொதி வந்திருந்தது. அதையும் திருத்தத்தையும் சேர்த்து ஏற்றினார்கள். திங்கட்கிழமை கொடுப்பனவுகள் வழமைபோல நடந்தன.

“இவ்வளவுதானா!” என்று யூஜினா தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் முதல் கிழமையில், நிஹ்லா கேட்காமலேயே, பழையவற்றை நிரந்தரமாக்க யூஜினா உட்கார்ந்தாள். எதை அழிக்கலாம், எதை வைக்கலாம் என்பதில் இருவரும் கொஞ்ச நேரம் சண்டையும் பிடித்தார்கள். நிஹ்லா அழிக்கச் சொன்ன இரண்டை யூஜினா கடைசிவரை விடவில்லை.