நூற்றுப் பத்துக்கு ஒரு பேரம்

1. முதல் நாள்

சுமதி என்னிடம் டெட்லிஃப்ட் பயிற்சிக்கு வந்த முதல் நாளே பேரத்தில்தான் ஆரம்பித்தாள்.

“அக்கா, இப்ப தொண்ணூறு கிலோ தூக்கறேன். ராஜ்யோத்சவாக்குள்ள நூத்தம்பது வேணும்.”

“எதுக்கும்மா நூத்தம்பது?”

“ரவுண்டா இருக்கும்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அல்சூரில் அரிசிக் கடை ஒன்றை ஒட்டி இருக்கும் எங்கள் ஜிம்மில் நான் பல வருடமாக கோச். ரவுண்டாக இருக்கிறது என்பதற்காக எடை கேட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டெட்லிஃப்ட் பார்க்க எளிய காரியம். தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நிற்க வேண்டும். அதில் எவ்வளவு போடுவது என்று முடிவு செய்வதில்தான் எல்லாருக்கும் புத்தி பிசகிவிடுகிறது. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை நாங்கள் ‘மேக்ஸ்’ என்போம். எங்கள் ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் ஒன்றாம் தேதி, கர்நாடக மாநிலம் உருவான நாளான கன்னட ராஜ்யோத்சவா அன்று காலை, கொடியேற்றி முடிந்ததும் ஒவ்வொருவரும் எல்லார் முன்னிலையிலும் தங்கள் மேக்ஸைத் தூக்குவார்கள். இலக்கை எட்டியவர்களுக்கு மஞ்சள், சிவப்பு சால்வை. சுமதிக்கு அந்த சால்வை மேல் கண்.

“நூத்தி அஞ்சு” என்றேன்.

“என்னக்கா, மனசாட்சியே இல்லாம இறக்கறீங்க! நூத்தி நாப்பது.”

“நூத்தி அஞ்சு வந்தாலே பெரிய விஷயம். உனக்கு நாப்பத்திரெண்டு வயசு. ஆறு மாசம்தான் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ரெண்டரை கிலோ ஏத்துவோம். நாலாவது வாரம் எடையைக் குறைச்சு உடம்புக்கு ஓய்வு குடுப்போம். கணக்குப் போட்டுப் பாரு.”

“நூத்தி முப்பது. கடைசி விலை.”

“மார்க்கெட்டுல கத்தரிக்காயா வாங்கறே? நூத்திப் பத்து. இதுக்கு மேல பேசினா டிரெட்மில்லுக்கே போயிடு.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூற்றுப் பத்துக்கு ஒத்துக்கொண்டாள். மனசுக்குள் எனக்குக் கொண்டாட்டம். பேரம் பேசுகிறவர்கள் பாதியில் ஓடமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

2. மேலே போவது

சுமதிக்குச் சொந்த ஊர் ஆம்பூர். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீட். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தோண்டிக் கண்டுபிடிக்கும் வேலை. அந்த வேலை போய்விட்டது என்பது எனக்கு இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. ஒரே மெயிலில் அவளையும் அவள் டீமையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதனால்தான் காலை பத்து மணிக்கு ஜிம்முக்கு வர முடிகிறது என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

இண்டர்வியூக்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கேள்வி கேட்பவர்கள் எல்லாம் அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள். ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பார்கள், சொல்லி அனுப்ப மாட்டார்கள். மறுநாள் வந்து பார் முன்னால் நிற்பாள். சாக் பவுடரைக் கையில் தடவிக்கொள்வாள், மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குவாள், தூக்குவாள். தொண்ணூற்று இரண்டரை, தொண்ணூற்று ஐந்து என்று எடை ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தது.

நூறு கிலோவைத் தூக்கி நிமிர்ந்த அன்று பாரைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் கறுப்பு டி-ஷர்ட் முழுக்க சாக்.

“அக்கா, என் லைஃப்ல இப்ப மேல போறது இது ஒண்ணுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்கு அது தைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த நூற்றுப் பத்து எனக்கும் சொந்த விஷயம் ஆகிவிட்டது.

3. வெள்ளிப் பெயிண்ட்

எங்கள் ஜிம் முதலாளி நஞ்சுண்டப்பா தங்கமான மனிதர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பெயிண்ட். ஆயுத பூஜை வந்தால் ஜிம்மில் உள்ள இரும்பு அத்தனைக்கும் வெள்ளி நிறம் அடித்தாக வேண்டும். “கப்பிணம் பளபளன்னு இல்லாட்டி சாமுண்டி தாயி எப்படி உள்ள வருவா மேடம்?” என்பார். இரும்பை அவர் கன்னடத்தில் கப்பிணம் என்றுதான் சொல்வார். கோலார்க்காரர்கள் மாதிரி தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

அந்த வருடம் பூஜைக்கு முன்னால் மூடப்போகும் ஒரு ஜிம்மிலிருந்து பழைய பிளேட்டுகளை ஒரு வண்டி நிறைய வாங்கிவந்திருந்தார். நான் அப்போது லீவில் சந்தாபுராவில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தால் ஜிம்மே கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. எல்லா பிளேட்டும் வெள்ளி. பழைய எழுத்துகள் துருப்பிடித்து அசிங்கமாக இருந்ததால் பட்டி பார்த்து மூடி, அதன் மேல் சிவப்பில் இருபது, பதினைந்து, பத்து என்று அவரே அச்சு வைத்து எழுதியிருந்தார். புதிதாக வாங்கியவை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும்படி முன்வரிசையில் இருந்தன.

பூஜை அமர்க்களமாக நடந்தது. பாருக்குச் சாமந்திப்பூ மாலை, டம்பெல்லுக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய். வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் அல்லவா, நஞ்சுண்டப்பா பிளேட் மாட்டிய பாருக்கும் அதைச் செய்தார். பாரை உருட்டும் கௌரவம் சுமதிக்குக் கிடைத்தது. எலுமிச்சம்பழம் ‘புளிச்’ என்று தெறித்து அவர் வேட்டியிலேயே பட்டது. பொரியை வாயில் போட்டுக்கொண்டே எல்லாரும் சிரித்தோம்.

4. பேரம் நின்றது

பூஜை முடிந்த வாரம் அட்டவணைப்படி நூற்று ஐந்து. அதற்கு முன் நூற்று இரண்டரையை அவள் அலட்டிக்கொள்ளாமல் தூக்கியிருந்தாள். நூற்று ஐந்தில் பார் முழங்காலருகே வந்து நின்றுவிட்டது. கால் நடுங்க, முகம் சிவக்க, எப்படியோ நிமிர்ந்து முடித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சில நாள் ஓய்வு கொடுத்து, தேதி நெருங்கிவிட்டதால் நேரே நூற்றுப் பத்தை மாட்டினோம். பார் தரையை விட்டு அசையவே இல்லை.

அடுத்தடுத்து வந்த நாட்கள் இன்னும் குழப்பம். ஒருநாள் நூறு கிலோ பூ மாதிரி வந்தது. மறுமுறை அதே நூறு கல்லாய்க் கனத்தது. தூங்கினாயா என்று கேட்டேன். நவராத்திரி விரதமென்று பட்டினி கிடந்தாயா என்று கேட்டேன். பிடியைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன், பாதம் வைக்கும் இடத்தைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

ஒரு புதன்கிழமை அவளை உட்கார வைத்துச் சொன்னேன். “சுமதி, இந்த வருஷத்துக்கு நூத்தி அஞ்சே போதும். அதைத்தான் தூக்கிட்டியே. அதையே சுத்தமா தூக்கிக் காட்டலாம்.”

“சரிக்கா.”

நான் காத்திருந்தேன். நூற்று ஏழரை என்றாவது கேட்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பேரமே பேசாமல் தண்ணீர் பாட்டிலை மூடினாள்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு இண்டர்வியூ இருக்குக்கா. நான் போகல.”

“ஏன்?”

“எதுக்குப் போய் அசிங்கப்படணும்? அண்ணன் ஆம்பூர்ல ஷூ கம்பெனில ஏதோ வேலை இருக்குன்னு சொல்றார். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். அவ்ளோதான்னு உடம்பே சொல்லுதே, அப்புறம் என்ன?”

“பாருக்கும் இண்டர்வியூக்கும் என்னடி சம்பந்தம்?” என்று கத்திவிட்டேன். அதுவரை அவளை நான் ‘டி’ போட்டுப் பேசியதே இல்லை. அவள் லேசாகச் சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

5. அரிசிக் கடைத் தராசு

வியாழக்கிழமை காலை ஜிம்மைத் திறந்து, சிதறிக் கிடந்த பிளேட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். எங்கள் உறுப்பினர்களுக்கு எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கம் கிடையாது. கைக்கொரு பத்து கிலோ பிளேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வலது தோள் கீழே இழுத்தது.

வயசாகிவிட்டது என்று முதலில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். பிறகு கையை மாற்றிப் பிடித்தேன். இப்போது இடது தோள் இழுத்தது.

தோள் சரியாகத்தான் இருக்கிறது. பிளேட்தான் ஏமாற்றுகிறது.

இரண்டையும் அப்படியே தூக்கிக்கொண்டு பக்கத்து அரிசிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ராஜண்ணா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன மேடம், கிலோ என்ன ரேட்டு?”

“அப்புறம் கிண்டல் பண்ணுங்க. தராசை ஆன் பண்ணுங்க முதல்ல.”

எங்கள் பழைய பிளேட் பத்து கிலோ காட்டியது. மற்றது பதினொன்றேகால் கிலோவைத் தாண்டி நின்றது. ஸ்கூட்டர் சாவியால் பெயிண்டைச் சுரண்டினேன். பட்டிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது, இருபத்தைந்து பவுண்ட். வாங்கிவந்த பிளேட்டுகள் எல்லாமே பவுண்ட் கணக்கு. எங்கள் முதலாளி சைஸை மட்டும் பார்த்துக் கிலோ எண்ணை எழுதிவிட்டார்! இருபது என்று எழுதியது, பதினைந்து என்று எழுதியது, எல்லாமே சொன்னதைவிடக் கனம். பழையதும் புதியதும் கலந்து கிடந்ததால்தான் ஒருநாள் பூ, ஒருநாள் கல்.

சுமதிக்கு போன் போட்டேன். “உடனே வா. கேள்வி கேட்காதே.”

தலை துவட்டாமல் வந்து நின்றாள். பின்னாலேயே நஞ்சுண்டப்பாவும் வந்துவிட்டார்.

“ரெண்டும் ஒரே சைஸ் தானே மேடம்! கொஞ்சம் தடிமனா இருந்துச்சு, அவ்ளோதான். ஒரு கிலோக்கு இவ்ளோ கலாட்டாவா?” என்றார்.

“சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க” என்றேன்.

பூஜை முடிந்த வாரம் முன்வரிசையில் இருந்தவை முழுக்க அந்தப் புது செட்தான். அன்று நூற்று ஐந்துக்கு மாட்டிய அதே பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தோம். சுமதி மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் பாரின் இருபது கிலோவையும் சேர்த்தாள். வாய் அசைவது நின்றது.

“அக்கா... நூத்திப் பதினொண்ணு.”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு நான் தூக்கினது நூத்திப் பதினொண்ணா?”

“அப்புறம் அசையவே மாட்டேன்னுச்சே, அது நூத்திப் பதினஞ்சு.”

அரிசி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. ராஜண்ணா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“இருபது வருஷமா டெஸ்டிங்ல இருக்கேன்க்கா. ரிசல்ட் தப்பா வந்தா முதல்ல டேட்டாவைச் சந்தேகப்படுன்னு எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்! என் விஷயத்துல மட்டும் என்னையே சந்தேகப்பட்டுட்டேனே.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தாள். “மணி என்ன?”

“எட்டு.”

“பதினோரு மணிக்கு இண்டர்வியூ.”

நஞ்சுண்டப்பா ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது. போகிற அவசரத்தில் விரலில் ஒட்டியிருந்த வெள்ளிப் பெயிண்டோடுதான் போனாள்.

6. சால்வை

அந்த இண்டர்வியூவில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் ‘நீங்கள் கோட்டை விட்ட ஒரு தவறைச் சொல்லுங்கள்’ என்று கேட்டார்களாம். பிளேட் கதையைச் சொன்னாளாம். அந்த அறையே சிரித்ததாம். அந்தத் தெம்பில் அடுத்த இண்டர்வியூக்குப் போனாள். அதில் கிடைத்தது. ஆம்பூர் அண்ணனுக்கு ஸ்வீட் பார்சல் போனது.

ராஜ்யோத்சவா அன்று ராஜண்ணா தன் தராசையே ஜிம்மின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். எல்லார் முன்னாலும் பிளேட்டுகளை எடை போட்டு மாட்டினோம். நூற்றுப் பன்னிரண்டரை. சுமதி சாக் தடவினாள், குனிந்தாள், பார் முழங்காலைத் தாண்டியபோது நான் என்னை மறந்து கத்தினேன். நிமிர்ந்து நின்றாள். நஞ்சுண்டப்பா “ஜெய் கர்நாடகா!” என்று கூவிக்கொண்டே சால்வையைப் போர்த்தினார்.

புதிதாக வரும் டிரெய்னர்களுக்கு நான் சொல்வது இதுதான். இலக்கைச் சின்னதாக வையுங்கள், அது ஏறும். ஏறாமல் நின்றால் இலக்கைக் குறைப்பதற்கு முன்னால், ஆளைக் குறை சொல்வதற்கும் முன்னால், பாரில் மாட்டியிருப்பது என்ன என்று எடை போட்டுப் பாருங்கள். பலர் தாங்கள் நினைப்பதைவிடக் கனமான சுமையைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மூச்சு வாங்க, சால்வை ஒரு பக்கம் நழுவ, சுமதி நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, அடுத்த ராஜ்யோத்சவாக்கு நூத்தம்பது.”

எனக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

“நூத்தி இருபது” என்றேன்.

“என்னக்கா, மனசாட்சியே இல்லையா உங்களுக்கு!”