ஒண்ணு போட்டுக்குங்க

நோய்த்தொற்றுக்கு மக்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அளப்பதற்காக, கொரோனா இரண்டாம் அலையின்போது ஆரணிப் பக்கம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும்.

முள்ளிப்பட்டில் ஒரு தறி வீட்டில் அவரைப் பார்த்தேன். தறியின் நெடுக்கு நூலான பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பவர். அந்த வேலைக்காக வீடு வீடாகப் போகிறவர். ஒல்லி உடம்பு, நீளமான விரல்கள். ஒவ்வொரு இழைக்கும் விரல் ஈரத்துக்காகத் தானாக நாக்கைத் தேடிப் போகும், மாஸ்க்கில் முட்டும், இறங்கித் தண்ணீர் டம்ளருக்குள் போகும்.

"இந்த நோயை நினைச்சா பயமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு போட்டுக்குங்க."

எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கார அம்மா பின்கட்டுக்குப் போனதும், முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து இருமித் தீர்த்தார்.

"நூல் தூசிதாங்க. காலையிலேர்ந்து அடக்கிகினு இருக்கேன். அந்தம்மா காதுல வுழுந்தா அப்புறம் ஒரு வூட்லயும் உள்ள வுட மாட்டாங்க. அந்த பயத்துக்கு ஒங்க பேப்பர்ல கேள்வி இருக்குதுங்களா?"

இல்லை. தாளைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

"செரி, ஒங்களுக்கு எத்தினி போடுவீங்க?"

"மூணு" என்றேன்.

அதைச் சொல்லும்போது நான் எப்போதோ படியிறங்கித் தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.