ரெக்கார்டில் எழுதிய 1590

நான் எலக்ட்ரோமெக்கானிக்கல் டிப்ளமோ படித்த பாலிடெக்னிக் லேபில் ஒரு மோட்டார் இருந்தது. மூன்று வருஷத்தில் அது ஓடியது இரண்டே முறை. மற்ற நாளெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். ஆயுத பூஜைக்கு உறையை எடுத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், சுவிட்சை மட்டும் போட மாட்டார்கள். கெட்டுப் போய்விடுமாம்.

வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். மோட்டார் ஓடிய அந்த இரண்டு நாளும் பையன்கள் சுற்றி நின்றுகொண்டதால் எங்களுக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. நான் இடித்துக்கொண்டு முன்னால் போனால் லேப் சார், "நீ கைய வைக்காதம்மா, ஷாக் கீக் அடிச்சா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். பையன்களுக்கு மட்டும் ஷாக் அடிக்காதா என்ன? எங்களுக்கென்று அவர் வேறு வேலை வைத்திருந்தார். பொண்ணுங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும் என்று சொல்லி, பையன்களின் ரெக்கார்டு நோட்டையும் எங்கள் தலையில் கட்டினார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரெக்கார்டு எழுதுவது என்றால் போன வருஷ நோட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பது. அதை எழுதியவர்கள் அதற்கு முந்தின வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதியிருப்பார்கள். அப்படி எழுதும்போதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. லோடு இல்லாதபோது மோட்டாரின் வேகம், நிமிஷத்துக்கு 1590 சுற்று. நடக்கவே நடக்காத காரியம் அது. அந்த வகை மோட்டார் நம் ஊர்க் கரண்டில் 1500 சுற்றை எட்டவே எட்டாது, எப்போதும் அதற்குக் கொஞ்சம் கீழேதான் ஓடும். எந்தக் காலத்திலோ எந்த மகராசனோ 1490ஐ 1590 என்று எழுதித் தொலைத்திருக்கிறான்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு சாரிடம் போனேன்.

"சார், இது தப்பு சார். ஒரு தடவ ஓட்டிப் பாத்துரலாமா?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "எல்லா நோட்டுலயும் ஒண்ணு இருந்து உன்னுதுல மட்டும் வேற இருந்தா, பரீட்சைக்கு வெளியூர்ல இருந்து வர்றவரு கேள்வி கேப்பாரு. இருக்கறத கம்முனு எழுதும்மா."

எழுதினேன். என் நோட்டில் ஒன்று, பையன்களுக்காகப் பதினொன்று. பரீட்சைக்கு வந்தவர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கடைசி வருஷம் போச்சம்பள்ளிப் பக்கத்துக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. மிஷின்களைப் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸுக்கு ஒரு சிலர், மிச்சப் பேர் பாகங்களைப் பூட்டும் லைனுக்கு. அப்பா கெலமங்கலத்தில் தக்காளி போடுகிறவர். அன்று காலையில் பஸ் ஏற்றிவிடும்போது, "மிஷின் வேலைன்னா சேந்துக்க. ஸ்க்ரூ முடுக்கறதுக்கு மூணு வருசம் படிக்கத் தேவையில்ல" என்றார். எனக்கும் அதே வெறிதான். எப்படியாவது மெயின்டனன்ஸில் நுழைந்துவிட வேண்டும்.

இன்டர்வியூ எடுத்தவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே ரெக்கார்டைப் புரட்டியவர் 1590 இருந்த பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த ரீடிங் நீயே எடுத்ததா?"

காப்பி அடித்தது சார், தப்பு என்று எனக்குத் தெரியும் சார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவோரம் லேப் சார் நின்றுகொண்டிருந்தார். "நானே எடுத்தேன் சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "மோட்டார் ஓடறத பாக்காத ஆள எப்படிம்மா மோட்டார்கிட்ட விடறது? லைன்ல வேணும்னா சேந்துக்கோ" என்று நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

எனக்கு அடுத்து உள்ளே போன பையனுக்கு மெயின்டனன்ஸ் கிடைத்தது. "என் நோட்ட தொறக்கவே இல்லப்பா" என்று வெளியே வந்து சிரித்தான். அந்த நோட்டையும் நான்தான் எழுதியிருந்தேன்.

இப்போது இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போகிறோம். நான் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு ஸ்க்ரூ முடுக்குகிறேன். அவன் நீலச் சட்டையில் வந்து எங்கள் கன்வேயர் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஷிஃப்டுக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும். மீட்டர் அவன் இடுப்பில் தொங்கும். அது வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் அந்த அளவை எழுதும் தாளை என் மேஜையில் வைத்தான்.

"கையெல்லாம் கிரீஸு. நேத்து போட்டதையே நீ போட்டுரேன். உன் கையெழுத்துதான் நல்லா இருக்குமே."

"மீட்டர வச்சுப் பாத்துட்டு வாடா, எழுதறேன்."

"அட, ஓடிட்டுதான இருக்குது?" என்று பேனாவை நீட்டினான்.

லைன் கடைசியிலிருந்து லைன் லீடர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பாகங்கள் சேர்ந்துகொண்டே போயின. பேனாவை வாங்கி முந்தின நாள் எண்ணையே எழுதினேன். முத்து முத்தாகத்தான் வந்தது.